செட்டில்மென்ட் செய்து முடித்த கடனுக்குப் பிறகு சிபில் ஸ்கோரை மீட்க முடியுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: பர்சனல் லோனைக் கட்ட முடியாமல் வங்கியோடு பேசி செட்டில்மென்ட்டில், அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி, முடித்துவிட்டார். இப்போது எங்கே விண்ணப்பித்தாலும் மறுக்கிறார்கள். ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கடனை நாம் எப்படிக் கட்டினோம் என்று ரிப்போர்ட் வைத்து ஸ்கோர் போடும் நிறுவனம்தான் சிபில். வங்கி ஒப்புக்கொள்ளாமல் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரு எழுத்தைக்கூட சிபில் மாற்றாது. அந்த ஏஜென்ட்டால் முடிந்தது, சிபில் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஆட்சேபம் பதிவு செய்வது மட்டும்தான். அதை நீங்களே செய்யலாம், கட்டணமும் கிடையாது.

ஸ்கோர் மீளும். என்னுடையது 600க்குக் கீழே கிடந்தது, இன்று 730க்கு மேல் நிற்கிறது. ஆனால் அதற்கான வேலை வங்கிக் கிளையில் நடக்க வேண்டும், ஏஜென்ட்டிடம் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். என் கணவர் அச்சகம் நடத்தி வந்தார், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை வேலை. அதற்காக வாங்கிய தொழில் கடனில், எனக்கு மாதச் சம்பளம் இருந்ததால் என்னையும் கோ-அப்ளிகன்ட்டாக (கூட்டு விண்ணப்பதாரராக) சேர்த்தார்கள். 2020இல் ஊரடங்கு வந்ததும் கல்யாணங்களும் நின்றன, பத்திரிகையும் நின்றது. அந்த வருடம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. செப்டம்பரில் மறுபடி கட்டச் சொன்னபோது அச்சகத்தில் வேலை எதுவும் இல்லை. அடுத்த வருடம் மெஷினை விற்று, வந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து செட்டில்மென்ட் செய்தோம். வங்கி தந்த கடிதத்தில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று இருந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம், வங்கியும் அப்படித்தான் சொன்னது.

வாங்கின கடனை முழுசாகக் கட்டாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று யாராவது கீழே எழுதலாம். தொழில் செய்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். நாங்கள் ஓடி ஒளியவில்லை, இருந்ததை விற்றுக் கொடுத்தோம். அன்றைய நிலையில் செட்டில்மென்ட் செய்தது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

2023இல் மகளுக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கல்விக் கடனில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும், எங்கள் இருவர் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தார்கள். என் பக்கத்தில் அந்தக் கடனுக்கு நேராக ‘செட்டில்டு’ என்று இருந்தது. அதற்குக் கீழே மாதவாரியாகக் கட்டங்கள், எத்தனை நாள் தாமதம் என்பதைக் காட்டுவதற்கு. சில கட்டங்களில் 000, அதாவது தாமதமே இல்லை, அப்புறம் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போகிறது. அந்த எண்களைப் பார்த்தபோது எந்த மாதம் எதை அடகு வைத்தோம் என்பது வரை எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் லோன் அதிகாரி பார்த்தது ‘செட்டில்டு’ என்ற வார்த்தையைத்தான். வங்கி தனக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது என்று அதற்கு அர்த்தம். முழுசாகக் கட்டியிருந்தால் ‘குளோஸ்டு’ என்று வரும். அடுத்து கடன் தருபவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

ஏழு வருடம் பொறுத்தால் தானாக அழிந்துவிடும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். விதியில் இருப்பது, கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது. எட்டாவது ஆண்டு அழித்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அதை நம்பி உட்காராதீர்கள்.

நான் செய்தது இதுதான். விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டிவிடுகிறேன், கணக்கை குளோஸ்டு என்று மாற்றித் தாருங்கள் என்று பழைய வங்கிக்கு எழுத்தில் கேட்டேன். முதலில் அவர்களுக்கே புரியவில்லை. முடிந்துபோன கணக்கு மேடம் என்றார்கள். நான் விடவில்லை. எவ்வளவு கட்ட வேண்டும், கட்டினால் என்ன என்று ரிப்போர்ட் செய்வீர்கள், இரண்டையும் கடிதமாகத் தாருங்கள் என்று கேட்டேன். நீங்களும் அந்தக் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் அலைவதில் பயனில்லை. சீட்டுப் பணம் வந்ததும் மொத்தமாகக் கட்டி, பாக்கி இல்லை என்று சொல்லும் நோ டியூ சர்டிபிகேட் வாங்கினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். கடன் பாக்கியானபோது வந்த நோட்டீஸ் அத்தனையும் என் கணவர் பெயருக்குத்தான் வந்தன. பாக்கி மட்டும் என் பெயரிலும் ஏறியது. கிளைக்கு நான் போய்க் கேட்டால், “சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம்” என்பார்கள். என் சம்பளச் சான்றிதழை வாங்கும்போது சார் தேவைப்படவில்லையே! எத்தனையோ வீடுகளில் வீட்டுக் கடனுக்கு மனைவியின் சம்பளத்தைக் காட்டுகிறார்கள், பத்திரத்தில் அவள் பெயர் இருப்பதில்லை. கையெழுத்துப் போடும் பெண்கள் கோ-அப்ளிகன்ட் என்றால் முழுக் கடனுக்கும் பொறுப்பு என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான், கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் உங்கள் ரிப்போர்ட்டிலும் விழும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சர்டிபிகேட் வாங்கிய பிறகும் ரிப்போர்ட் மாறவில்லை. சிபிலில் ஆட்சேபம் பதிவு செய்தேன். ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கெடு தாண்டியதும் இந்த விதியைக் குறிப்பிட்டு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். அதுவரை மௌனமாக இருந்தவர்களிடமிருந்து பதில் வந்தது, ரிப்போர்ட்டும் மாறியது, இழப்பீடும் கணக்கில் ஏறியது. சின்னத் தொகைதான். ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸை நான் இன்னும் அழிக்கவில்லை. வங்கி அசையவே இல்லையென்றால் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் தரலாம்.

சிபிலில் மாறினால் மட்டும் போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் வங்கி இவற்றில் எதை எடுத்துப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், எடுத்துப் பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. லோனுக்காக நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டு, அவர்கள் வரிசையாக எடுத்துப் பார்த்தால்தான் அடி விழும். அதனால் இப்போதைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள்.

குளோஸ்டு ஆனதும் ஸ்கோர் எகிறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய தாமதக் கட்டங்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்கு மேல் புதிதாக 000 சேர வேண்டும். நான் வேறொரு வங்கியில் சிறிய எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். எஃப்டி ஈடாக இருப்பதால் ஸ்கோர் குறைந்தவர்களுக்கும் தருகிறார்கள். லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் செலவு செய்து, கெடு தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டினேன். பில்லில் குறைந்தபட்சமாகக் கேட்கும் மினிமம் டியூ மட்டும் கட்டுவது எனக்குப் பழக்கமில்லை, நீங்களும் பழகிக்கொள்ள வேண்டாம். மகளின் முதல் வருடக் கட்டணத்தை நகையை வைத்துச் சமாளித்தோம், அந்த நகைக்கடனை ஒழுங்காகக் கட்டி மீட்டதும் ரிப்போர்ட்டில் நல்லபடியாக ஏறியது. மீதி வருடங்களுக்குக் கல்விக் கடன் கிடைத்தது.

மீதித் தொகையைக் கட்ட வசதியில்லை என்றால் எஃப்டி கார்டிலிருந்தே தொடங்குங்கள். ‘செட்டில்டு’ அப்படியே இருந்தாலும், சுத்தமாகக் கட்டிய மாதங்கள் சேரச் சேர ஸ்கோர் மெதுவாக ஏறும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும், அதனால் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும். அவசரத்துக்கு மொபைல் கடன் செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் எடுக்கும் குட்டிக் கடன்களும் ரிப்போர்ட்டில் தனித்தனியாக ஏறும், ஒன்றில் ஒரு நாள் தாமதமானாலும் பட்ட பாடெல்லாம் வீண்.