சிசிஆர்5 அறிக்கையில் 'ஐ-ஐ' என்று வந்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் இருக்கும் என் தம்பி மகன், பூர்வீகம் அறிவதற்காக எச்சில் அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை எடுத்தான். அதில் கிடைத்த தரவை வேறொரு இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தபோது, 'ஆர்எஸ்333: ஐ-ஐ. எச்.ஐ.வி. பாதுகாப்பு இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்ததாம். பயந்துபோய் எனக்கு அனுப்பியிருக்கிறான். இதற்கிடையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், மரபணுவை மாற்றி எச்.ஐ.வி.யையே குணப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பல வருடங்களாக மாத்திரை சாப்பிடும் என் மாமா, 'இனி இது எதற்கு?' என்கிறார். டர்பனில் இந்த மரபணுவைச் சோதிக்க முடியுமா?

ச., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள ச.,

முதலில் மாமா. மாத்திரையை ஒரு நாள்கூட அவர் நிறுத்த வேண்டாம். வைரஸ் தன் மரபுப்பொருளை சிடி4 அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறது. மாத்திரை அதைப் பெருகவிடாமல் தடுக்கும், அங்கிருந்து அகற்றாது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே ரத்தத்தில் வைரஸ் திரும்பிவிடும்.

இனி அந்தச் சிவப்பு எழுத்து. ஆர்எஸ்333 என்பது சிசிஆர்5 மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஒரு இடத்தின் பெயர். சிசிஆர்5 மரபணு 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது செய்யும் புரதத்தில் 352 அமினோ அமிலங்கள். டி அணுக்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல், சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பி அது. உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் அங்கிருந்து வரும் கீமோகைன் என்ற வேதிச் சமிக்ஞையைப் பிடித்து, அணுவை அந்த இடத்துக்குப் போகவைப்பதே அதன் வேலை. எச்.ஐ.வி. இதைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது 1996இல் தெரியவந்தது. வைரஸின் மேலுள்ள ஜிபி120 என்ற புரதம் முதலில் அணுவின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தைப் பற்றும், பற்றியதும் வடிவம் மாறும், மாறிய பிறகுதான் சிசிஆர்5ஐப் பிடிக்க முடியும். அதன் பின்பே சவ்வுகள் இணைந்து வைரஸ் உள்ளே போகிறது.

சிலருக்கு இந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கும். இதுதான் டெல்டா32. மரபணு மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது, 32ஐ மூன்றால் வகுத்தால் மீதி வரும். அதனால் அந்த இடத்துக்குப் பிறகு வாசிப்பே தடம் புரண்டு, 31 தவறான அமினோ அமிலங்கள் சேர்ந்து, 215ஆவது அமினோ அமிலத்துடன் புரதம் நின்றுவிடுகிறது. இந்த அரைகுறைப் புரதம் அணுவின் மேற்பரப்புக்கு வந்து சேராது.

'ஐ' என்றால் அந்த 32 எழுத்தும் இருக்கிறது, 'டி' என்றால் இல்லை. 'ஐ-ஐ' என்பது இரு பிரதியும் முழுமையாக இருப்பது, அதாவது மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் 'டி-டி'. தமிழர்களிலும் ஜூலு மக்களிலும் அது மிக அரிது. எல்லோருக்கும் இருப்பதைச் சிவப்பில் எழுதி எச்சரிப்பது வெறும் பயமுறுத்தல். 'ஐ-டி' உள்ளவர்களுக்குத் தொற்றாது என்று நினைப்பதும் தவறு. தொற்றும், நோய் முற்றுவது சற்று மெதுவாகலாம், அவ்வளவுதான்.

சோதனை எளிதுதான். அந்த இடத்தைப் பிசிஆரில் பெருக்கி டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் அடர்த்தியான அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் போதும். பரவலாகப் பயன்படும் ஒரு பிரைமர் ஜோடியில் (பெருக்க வேண்டிய இடத்தின் இரு முனைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) முழுப் பிரதி 189 எழுத்து, 32 எழுத்து விடுபட்ட பிரதி 157 எழுத்து என்று இரண்டு பட்டைகள் பிரியும். ஜெல்லின் அடர்த்தி குறைந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரியும். 'ஐ-டி' மாதிரியில் மேலே மூன்றாவதாக ஒரு மங்கலான பட்டையும் வரலாம். நீளமும் குட்டையுமான இழைகள் ஜோடி சேர்ந்து மெதுவாக நகர்வதால் வருவது அது. புதியவர்கள் அதைப் பார்த்து மாதிரி கலந்துவிட்டது என்று தூக்கிப் போடுவதுண்டு. ஆனால் உங்கள் வீட்டில் இந்த முடிவு தெரிந்து மாறப்போவது ஒன்றுமில்லை. பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காக 2007இலும் 2008இலும் 'டி-டி' கொடையாளியின் ஸ்டெம் அணுக்களைப் பெற்ற டிமோத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020இல் அவர் இறந்தது புற்றுநோய் மீண்டதால். மாத்திரையால் கட்டுப்படும் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான இந்தச் சிகிச்சையை எந்த மருத்துவரும் செய்யமாட்டார். ஜெர்மனியின் எஸ்ஸனில் 'டி-டி' அணுக்களைப் பெற்ற இன்னொருவருக்கு வைரஸ் திரும்பியது, சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு ஏற்பி வழியாக. எச்.ஐ.வி.க்குத் தரப்படும் மராவிரோக் மாத்திரைக்கும் இதே சிக்கல். அது சிசிஆர்5ஐ மட்டுமே அடைக்கும். அதனால் தருவதற்கு முன் வைரஸ் எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்று சோதிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பரவியிருக்கும் எச்.ஐ.வி.யின் சி வகை பெரும்பாலும் சிசிஆர்5ஐத்தான் பிடிக்கிறது என்றாலும், சோதனை இல்லாமல் அதை நம்பித் தர முடியாது.

இந்த ஏற்பி இல்லாமலிருப்பது வெறும் லாபமும் அல்ல. கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் 'டி-டி' உள்ளவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 1974இல் தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் பெரிதாகப் பரவியது அந்த வைரஸ்தான். 2018இல் சீனாவில் கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கச் செய்த விஞ்ஞானி ஹே ஜியான்குய் சிறைக்குப் போனார். அவர் உண்டாக்கியது அசல் டெல்டா32கூட அல்ல.

தம்பி மகனுக்குத் தொற்று அபாயம் இருக்கிறது என்று அவனே நினைத்தால், தொற்றைத் தடுக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை பற்றிக் கிளினிக்கில் கேட்கட்டும். இங்கிலாந்தில் அரசுப் பாலியல் நலக் கிளினிக்குகளில் இலவசம். வைரஸ் அணுவுக்குள் நுழைந்த பின் அது தன்னைப் பிரதியெடுப்பதை அந்த மாத்திரை தடுக்கிறது, எனவே 'ஐ-ஐ'யா 'டி-டி'யா என்பது பொருட்டல்ல. தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே தொற்றியிருப்பவர் பிரெப்பை மட்டும் விழுங்கினால், அதிலுள்ள மருந்துகளை எதிர்க்கும் வைரஸ் உருவாகிவிடக்கூடும்.