சுறாத் தீவு – கடிதம்

ஐயா,

இனப்படுகொலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்து அலுத்துவிட்டது. ஆர்மீனியர்கள், யூதர்கள், ருவாண்டா. எல்லாம் கூட்ட வெறிதானே? வெறி ஏறினால் மனிதன் மிருகம். இதில் ஆராய என்ன இருக்கிறது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்வது கலவரத்துக்குப் பொருந்தும். வெறி நாலு நாளில் தணிந்துவிடும். ஓர் இனத்தையே அழிக்க வருடக்கணக்கில் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், கோப்பு வேண்டும்.

இன்றைய நமீபியா அன்று ஜெர்மானியரின் தென்மேற்கு ஆப்பிரிக்கா. 1897இல் மாட்டுக் கொள்ளைநோய், அங்கு மாடு மேய்த்து வாழ்ந்த ஹெரேரோ இனத்தவரின் மந்தைகளை வாரிக்கொண்டு போனது. கடன் கொடுத்த வெள்ளை வியாபாரிகளுக்கு நிலமும் போனது. 1904 ஜனவரியில் சாமுவேல் மகரேரோ தலைமையில் கிளர்ந்தெழுந்து நூற்றுக்கு மேற்பட்ட ஜெர்மானியரைக் கொன்றார்கள். அப்போதும் பெண்களையும் பாதிரியார்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் வாட்டர்பெர்க்கில் தோற்று, பிள்ளைகுட்டிகளோடு ஒமஹெக்கே பாலைநிலத்துக்குள் ஓடினார்கள்.

போர் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். தளபதி லோதர் ஃபான் ட்ரோத்தா தண்ணீர் கிடைக்கும் இடங்களில் காவல் போட்டார். அக்டோபர் 2 அன்று எழுத்துபூர்வமாகவே ஆணை பிறப்பித்தார்: ஜெர்மன் எல்லைக்குள் தென்படும் ஹெரேரோ எவரும், துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடப்படுவார். வெறி பிடித்தவன் இப்படி உட்பிரிவு போட்டு எழுதுவானா?

டிசம்பரில் பெர்லின் அந்த ஆணையை விலக்கிக்கொண்டு, பிழைத்தவர்களை முகாம்களில் அடைக்கச் சொன்னது. லூடரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவு முகாமில் கடற்குளிரிலும் பட்டினியிலும், அதே காலனியின் இன்னோர் இனமான நாமா மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். செத்தவர்களின் தலைகளை வேகவைத்து, கண்ணாடிச் சில்லால் தசையைச் சுரண்டி எடுக்கும் வேலையை முகாம் பெண்களுக்குக் கொடுத்தார்கள். மண்டையோடுகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டு ஜெர்மன் ஆய்வகங்களுக்குக் கப்பலேறின. அவற்றில் 20 மண்டையோடுகள் 2011இல் ஊர் திரும்பின. ஏறத்தாழ 80,000 ஹெரேரோக்களில் 15,000 பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

2021இல் ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. அதுவும் இழப்பீடாக அல்ல, வளர்ச்சி உதவியாக. ஹெரேரோ, நாமா தலைவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை.

ஆராய என்ன இருக்கிறது என்கிறீர்கள். 1908இல் அதே காலனிக்குப் போய், ரெஹோபோத் ஊரின் கலப்பினக் குடும்பங்களை அளவெடுத்து நூல் எழுதிய ஜெர்மன் மானுடவியலாளர் ஆய்கன் ஃபிஷர், ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவரைப் பற்றி அடுத்து எழுத இருக்கிறேன்.