வாசகர் கேள்வி – பதில்: வார்டில் பிறக்கும் ஆய்வு

கேள்வி: புற்றுநோய்ப் பிரிவில் எட்டு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். மருந்து ஆய்வுகள் நடக்கும்போது குறித்த நேரத்தில் இரத்தம் எடுப்பதும் படிவங்களை நிரப்புவதும் எங்கள் வேலை. ஆய்வின் முடிவு என்னவாயிற்று என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை. ஆய்வு மருத்துவர்களுக்கு மட்டுமே உரியதா? நாங்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஆர்வமின்மைதான் காரணமா?
– ஒரு செவிலியர், மதுரை

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு விடை பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆய்வாக நடத்தப்பட்டது. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் அந்த முறையைக் கையாண்டவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தேவைப்பட்டோருக்குத் திசு மாதிரி எடுத்ததும், புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலுள்ள திசுவை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையை அளித்ததும் அவர்களே. 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிடுகையில், இந்நோய் வருவது 25 சதவீதமும் இதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த முடிவு செவிலியரின் கண்ணையும் கையையும் நம்பி எழுந்தது.

ஆர்வமின்மை என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். ஆர்வம் இருப்பவரையும் தடுப்பது முதலில் நேரம். ஒரு ஷிப்டில் கீமோ ஏற்றுவது, ஊசி போட்ட இடத்தில் மருந்து கசிகிறதா என்று பார்ப்பது, வாந்திக்கும் வலிக்கும் மருந்து கொடுப்பது, உறவினரைத் தேற்றுவது என ஓடிக்கொண்டிருப்பவரிடம் வீட்டுக்குப் போய்க் கட்டுரை படிக்கச் சொல்வது நியாயமல்ல. ஆய்வுக்கென்று பணி நேரத்திலேயே சில மணி நேரம் ஒதுக்காத மருத்துவமனை, செவிலியர் ஆய்வில் ஈடுபடுவதில்லை என்று குறைபட முடியாது. அடுத்தது மேற்பார்வையாளரின் மனப்பாங்கு. வார்டுக்குப் பொறுப்பான மூத்த செவிலியர் தாமே கேள்வி கேட்பவராக இருந்தால் இளையவர்களும் கேட்பார்கள்; 'டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள்' என்பதோடு நிறுத்துபவராக இருந்தால் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். முதுநிலைச் செவிலியர் படிப்பில் ஆய்வேடு எழுதியவர்களே அதைப் பட்டத்தோடு மூட்டை கட்டி வைத்துவிடுவதும் இதனால்தான். மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம்: தரவு திரட்டியவரின் பெயர் கட்டுரையில் வராதபோது அடுத்த ஆய்வுக்கு மனம் எப்படி வரும்? இரத்தம் எடுத்துக் கொடுத்ததால் மட்டும் ஒருவர் கட்டுரையாசிரியராகிவிட மாட்டார் என்பது உண்மைதான். ஆயினும் நன்றியுரையில் ஒரு வரியும், முடிவைச் சொல்ல அரை மணி நேரக் கூட்டமும் யாருக்கும் பெரிய செலவல்ல.

செவிலியரே எழுப்ப வேண்டிய கேள்விகளும் உண்டு. ஃபைவ் ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்தும்போது, சற்று முன்பிருந்தே சுமார் 30 நிமிடம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் வாய்ப்புண் குறைகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்க, மருந்து வாயின் உட்தோலைக் குறைவாகவே சென்றடைகிறது. செலவில்லாத இந்த உத்தியும் ஆய்வினால்தான் உறுதியானது. நம் நோயாளிகள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்களா, பல் கூச்சம் உள்ளவர் என்ன செய்கிறார் என்பதைப் படுக்கையருகில் நிற்பவரே அறிவார். அப்படி ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, புள்ளியியல் தெரிந்த ஒருவரையும் துறை மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் கொடுங்கள். அனுமதி கிடைத்த பிறகே தரவு சேகரிக்க வேண்டும்.

கேள்வி: ஆய்வில் சேரச் சொல்லி என் அம்மாவிடம் கையெழுத்து கேட்கிறார்கள். டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நர்ஸிடம் கேட்கலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். படிவத்தில் புரியாததை விளக்கச் சொல்லலாம். தமிழில் படிவம் கேட்பதும் உங்கள் உரிமை. சேர மறுத்தாலும், சேர்ந்தபின் எப்போது விலகினாலும், வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. 'சிஸ்டர், உங்கள் அம்மாவாக இருந்தால் சேர்ப்பீர்களா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும் அவருக்கு அதைவிடச் சங்கடமான கேள்வி வேறில்லை. அதற்குப் பதில் சொல்ல நேருமே என்பதற்காகவே ஆய்வுப் பணியைத் தவிர்க்கும் செவிலியரும் இருக்கிறார்கள்.