வாடகை அறையில் சௌவின் வழிபாடு

அமெரிக்காவின் அலபாமாவில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்திருப்பதாகவும், இயற்கையைப் போற்றும் நவீன மதமான விக்காவின் வழிபாட்டை அவர்கள் அறியாமல் செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். இறந்தவர்களை நினைக்கும் விக்கா விழாவான சௌவின் வருவது அக்டோபர் 31, ஹாலோவீன் அன்றே. அதனால் மெழுகுவர்த்தி யார் கண்ணையும் உறுத்தாது. ஊதுபத்தி மட்டும் வேண்டாம், வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அலமாரித் தட்டில் தண்ணீர்க் கிண்ணம், உப்பு, ஒரு கல், இறகு, இறந்தவர்களின் படம் போதும். விக்காவின் சின்னமான ஐம்முனை நட்சத்திரம் இல்லாவிட்டால் வழிபாட்டில் குறையொன்றும் இல்லை.

விக்கா ஒரு மதம்தான் என்று 1986-லேயே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 15 பேராவது வேலை செய்யும் நிறுவனம் என்றால், மதத்துக்காக உங்களை நீக்க 1964 குடிமை உரிமைகள் சட்டம் விடாது. வீட்டு விஷயத்தில்தான் கவனம் தேவை: உரிமையாளரே குடியிருக்கும் சிறிய வீடுகளுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பெரும்பாலும் விலக்கு உண்டு, அதாவது மதத்துக்காக உங்களை வெளியேற்றினாலும் அந்தச் சட்டம் தடுக்காமல் போகலாம். எனவே இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அதில் குற்ற உணர்வும் வேண்டாம். யாராவது கேட்டால், இறந்துபோன உறவுகளை நினைக்கிறேன் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.