அடுத்தவங்க தூக்கினாலும் போகாத கை

கேள்வி: எனக்கு வயசு 54, 8 வருஷமா சுகர் இருக்கு. நாலு மாசமா இடது தோள்பட்டை வலி, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியல, பின் பாக்கெட்ல இருக்கிற பர்ஸை எடுக்க கை போக மாட்டேங்குது. எக்ஸ்ரே நார்மல்னுட்டாங்க. ஒருத்தர் ஜவ்வு கிழிஞ்சிருக்கும், எம்ஆர்ஐ எடுங்கன்றார், இன்னொருத்தர் கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா சரியாயிடும்ங்கறார். எதைக் கேக்கறது டாக்டர்?

பதில்: இழுக்கறேன்னு சொன்னவர் கிட்ட மட்டும் கையைக் குடுத்துடாதீங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போறது மாதிரிதான் தெரியுது. ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வச்சு மடக்கிக்கிட்டு முன்கையை வெளிப்பக்கமா திருப்பிப் பாருங்க, வலது கை கதவு மாதிரி திறக்கும், இடது பாதியிலயே நின்னுடும். இப்ப வீட்ல யாரையாவது இடது கையை மெதுவா திருப்பச் சொல்லுங்க, அவங்க திருப்பியும் அதே இடத்துல முட்டுதுன்னா மூட்டைச் சுத்தி இருக்கிற உறை தடிச்சு சுருங்கிடுச்சுன்னு அர்த்தம். ஜவ்வு கிழிஞ்ச கை நாமளா தூக்கினா வராது, அடுத்தவங்க தூக்கினா பெரும்பாலும் போயிடும். மூட்டுத் தேய்மானத்துலயும் இப்படி முட்டும், அது இல்லன்னு எக்ஸ்ரே சொல்லிடுச்சு, அதனால டாக்டர் கையால பார்த்தாலே போதும், எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாம்.

சுகர் இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப சகஜம், தைராய்டும் ஒரு தடவை பார்த்துடுங்க. ஆனா நடக்கும்போது, படி ஏறும்போது தோள் வலிச்சு கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வைன்னு வந்தா அது தோள் சமாச்சாரம் இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் தானா மெல்ல விட்டுக்குடுக்கும், மொத்தமா 1ல இருந்து 3 வருஷம் கூட இழுக்கும், சிலருக்கு கொஞ்சம் இறுக்கம் தங்கிடறதும் உண்டு. நீங்க இருக்கிறது வலி ஸ்டேஜ், மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி நல்லா கேக்கிற நேரம் இதுதான், பேரைக் கேட்டே பயந்து தள்ளிப்போட்டு பல பேர் இந்த நேரத்தைக் கோட்டை விட்டுடறாங்க. ஊசிக்கு அப்புறம் சில நாள் சுகர் ஏறும், தினம் செக் பண்ணுங்க.

வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு, குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி சின்ன வட்டமா ஆட்டுங்க, மீதியை ஃபிசியோ சொல்லித்தருவாங்க. பண்ணின வலி ராத்திரி வரைக்கும் நிக்குதுன்னா அன்னைக்கு அளவு மீறிட்டீங்க, மறுநாள் குறைச்சுக்கோங்க.

பல மாசம் ஆகியும் அசையலன்னா மூட்டுக்குள்ள திரவம் செலுத்தி உறையை விரிக்கலாம், சின்ன துளை போட்டுப் பண்ற கீஹோல் ஆபரேஷனும் இருக்கு. உங்க கிட்ட ஒருத்தர் சொன்ன அந்த இழுப்பு கூட இருக்கு, ஆனா அது மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் தியேட்டர்ல பண்றது.