எலி ஆய்வை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம். அக்குபஞ்சரால் எலிகளின் இதயக் காயமும் மூளை அழற்சியும் குறைந்தன என்று படித்துவிட்டு, மாரடைப்பு வந்த உங்கள் தந்தையின் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம்; தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவரானால் அதற்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடக்கூடும். அத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் நலமான எலியின் இதயத் தமனியை நூலால் கட்டிக் காயத்தை உண்டாக்கி, முன்னங்காலின் நெய்குவான் என்னும் அக்குபஞ்சர் புள்ளியில் ஊசி வழியே மின்சாரம் செலுத்துவார்கள். பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்த மனிதத் தமனி அதுவன்று. ஆயினும் இதை வெறும் நம்பிக்கை என்றும் தள்ளிவிட முடியாது: 2021இல் நேச்சர் இதழில் வந்த சுண்டெலி ஆய்வில், பின்னங்காலில் கொடுத்த மெல்லிய மின்தூண்டல் மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை இயக்கி அழற்சியைத் தணித்தது, வயிற்றில் கொடுத்தபோது அவ்வழி இயங்கவில்லை. துணைச் சிகிச்சையாக விரும்பினால், ஊசி குத்துவதால் வரக்கூடிய இரத்தக்கசிவு பற்றியும், பேஸ்மேக்கர் இருந்தால் மின்னூசி பற்றியும் இதய மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.