கண்டியை ஒன்றரை நாள்ல சுத்திப் பாக்க எந்த ரூட் நல்லது?

கொழும்புல இருந்து வாறோம், ஒன்றரை நாள்தான் கையில இருக்கு, அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, கண்டி மகாவலி ஆத்தங்கரையில இருக்கிற பழைய தலைநகரம்னு படிச்சேன், பன்னெண்டு எடமாவது பாக்கணும், ரூட் போட்டுக் குடுங்கன்னு கேட்டிருக்கீங்க. சும்மா வாசிச்சிட்டுப் போயிருப்பேன், அந்தப் பன்னெண்டு எடம்ங்கிற கணக்குதான் என்னைப் போக விடல. 2017-ல நானும் சரியா பன்னெண்டு எடம் தாள்ல எழுதி வச்சிக்கிட்டு ஒரு வயசான மனுசியை வேன்ல ஏத்தி அலைய வச்சவன்.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், நான் கைடு இல்ல, கண்டிக்காரனும் இல்ல. நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டத்துல பொறந்து இப்ப கம்பளையில ஒரு ஹார்ட்வேர் கடையில கணக்கு எழுதுறேன். கம்பளைக்காரனுக்குக் கண்டியைப் பத்தி என்ன தெரியும்னு யாராவது கேப்பீங்க, கேளுங்க. கண்டிக்கு முன்னாடி கம்பளைதான் தலைநகரமா இருந்துச்சு, அதோட அந்த ஆறு எங்க ஊரைத் தாண்டித்தான் கண்டிக்கு வருது.

ஆத்தங்கரை ஊருன்னு நம்பி வந்தா டவுன்ல எறங்கினதும் ஏமாந்துருவீங்க. டவுன் நடுவுல நிக்கிறது வாவி, ஆறு இல்ல. அதுவும் கடைசி ராசா ஸ்ரீ விக்ரமராஜசிங்கன் 1807-ல கட்டினது, அதுக்கு முன்னாடி அந்த எடம் வயலு. வாவியைப் பாத்துட்டு 'மகாவலி சூப்பரா இருக்கு'ன்னு போட்டோ போடுற ஆளுங்க எத்தனையோ பேர். நெசமான மகாவலி டவுனைத் தொடாம சுத்திக்கிட்டுப் போகுது. பேராதனைக்கு வந்து, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லைன்னு வளைஞ்சு மறுபடி தென்னக்கும்புர பக்கம் எறங்கும். ஊரை மூணு பக்கமும் ஆறு கட்டிப் பிடிச்ச மாதிரி. அதுதான் அந்தக் காலத்துல கண்டிக்குக் கோட்டை. 1803-ல வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்னு கண்டியை விட்டுத் திருகோணமலைப் பக்கம் பின்வாங்கிப் போகும்போது வட்டாபுளுவ கிட்ட ஆத்துல வெள்ளம், தோணி இல்ல, அங்கேயே மாட்டிக்கிட்டு அழிஞ்சு போனாங்க. அதுக்கப்புறம் 1815-லதான் கண்டி அவங்க கைக்குப் போச்சு.

சரி, என் கதைக்கு வாறேன். இதைச் சொன்னாத்தான் நான் ஏன் இந்த ரூட் சொல்றேன்னு புரியும்.

எங்க பெரியப்பா குடும்பம் 1973-ல இந்தியாவுக்குப் போனவங்க. 1964-ல போட்டாங்களே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அதுல எங்க தோட்டத்துத் தமிழாளுங்கள்ல ஐந்தேகால் லட்சம் பேரு இந்தியாவுக்குன்னு கணக்குப் பிரிச்சதுல போனவங்க. எங்க அப்பாவுக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு. அண்ணன் அங்க, தம்பி இங்க. பெரியப்பா கோத்தகிரியில மறுபடியும் தேயிலைத் தோட்டத்துலயே வேலைக்குச் சேந்து அங்கேயே காலமாயிட்டார். பெரியம்மா மட்டும் 2017-ல மக வீட்டுக்காரர் தயவுல ஒரு தடவை வந்தாங்க, மூணே நாள். ஒரு நாள் தோட்டத்துக்கு, மிச்ச ரெண்டு நாள் கண்டிக்குன்னு நான் பிளான் போட்டேன். இவ்வளவு தூரம் வந்த மனுசிக்கு எல்லாத்தையும் காட்டிறணும்னு ஒரு வெறி.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல விடியக்காலை எறங்கினாங்க, வேன் நேரா பின்னவல யானை. அங்க இருந்து மாவனல்லைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். இது என் தாள்ல இல்ல, டிரைவரா சேத்துக்கிட்டது. உள்ள கூட்டிட்டுப் போய் ஏலக்கா, சாதிக்கா எல்லாம் காட்டிட்டு முழங்காலுக்குத் தேய்க்கிற செவப்பு எண்ணெய்னு ஒரு போத்தலைத் தலையில கட்டிட்டாங்க. வேன்ல ஏறி உக்காந்த பெரியம்மா மூடியைத் தொறந்து மோந்து பாத்துட்டு "டேய், இது கிராம்புத் தைலம்டா, எங்க ஊருல முப்பது ரூவா"ன்னாங்க. டிரைவர் கண்ணாடியில கூட பாக்கல. அதுக்கப்புறம் கடுகண்ணாவையில பாறை குடைஞ்ச வளைவு, மேல இருந்து டவுனைப் பாக்கிற வியூ பாயின்ட், மாணிக்கக் கல்லு கடை, பத்திக் துணிக் கடை, பஹிரவகந்த பெரிய புத்தர். கல்லுக் கடையில மட்டும் ஒரு மணித்தியாலம் போச்சு, நாங்க ஒரு கல்லும் வாங்கல, ஏஸி குளிருல பெரியம்மா சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. புத்தரோட பல்லை வச்சிருக்கிற தலதா மாளிகைக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழேகால். சாயங்காலப் பூசை ஆறரைக்கு ஆரம்பிக்கும், நாங்க மேல ஏறும்போது கதவைச் சாத்திட்டாங்க. காலையில இருந்து சுத்தினது எதுக்காகவோ அதையே பாக்கல.

ராத்திரி ரூம்ல கால் அமுக்கி விட்டுக்கிட்டு இருக்கும்போது மெதுவா கேட்டாங்க, "ஆத்தைக் காணோமேடா, ஆறு எங்க இருக்கு?"

மறுநாள் வேனை அனுப்பிட்டேன், பாதிக் காசு போச்சு, போகட்டும். கண்டி ஸ்டேஷனுக்கு நடந்து போய்ப் பேராதனைக்குக் கோச்சி டிக்கெட் எடுத்தோம். சின்னத் தூரம், உக்காரதுக்குள்ள எறங்கிரலாம். ஆனா நடுவுல மகாவலி மேல அந்த இரும்புப் பாலம் வரும். பாலத்துல ஏறினதும் தடதடன்னு ஒரு சத்தம், பக்கத்துல பேசுறது கேக்காது. பெரியம்மா சன்னல் கம்பியைப் பிடிச்சவங்க பாலம் முடியிற வரைக்கும் விடல. அப்புறமாத்தான் சொன்னாங்க. அந்தக் காலத்துல பாஸ்போர்ட் வேலை எல்லாம் கண்டியிலதான், இங்க ஏறித்தான் தலைமன்னாருக்குப் போயிருக்காங்க. ஒப்பாரிக் கோச்சின்னு எங்க ஆளுங்க அதுக்குப் பேரே வச்சிருந்தாங்க, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒப்பாரிதான். "இந்தப் பாலத்துல மட்டும் யாரு அழுறதும் கேக்கலடா, வாய் அசையுது, சத்தம் வரல"ன்னாங்க. நான் என்னத்தச் சொல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கீழ காட்டி "தண்ணி ஏன் இம்புட்டுக்காணு ஓடுது"ன்னு கேட்டாங்க. நீங்க போனப்ப கொத்மலை டேம் இல்ல பெரியம்மா, அது 1985-ல வந்துச்சுன்னு சொன்னேன். கொத்மலையில வேலை செஞ்ச சொந்தக்காரங்க பேரை எல்லாம் ஒன்னொன்னா கேட்டாங்க, பாதிப் பேரு இல்ல.

அப்புறம் பேராதனைப் பூங்காவுக்குள்ள போய், பின்பக்கமா ஆத்தோரம் ராட்சச மூங்கில் நிக்குமே, அங்க ஒரு பெஞ்சுல உக்காந்தோம். வீட்டுல சுட்டுக் கொண்டு போன தேங்கா ரொட்டி, கட்டச் சம்பல். மேல மரத்துல வௌவால் கூட்டம் கத்திக்கிட்டே இருக்கு. மூணு மணித்தியாலம். தாள்ல எழுதின ஒரு எடமும் போகல, அந்த மூணு நாள்ல அந்த மனுசி சிரிச்சது அங்கதான்.

இனி உங்க ரூட். கொழும்புல இருந்து வேன்லயோ கார்லயோ வந்தா, டவுனுக்கு வர முந்தியே பிலிமத்தலாவையில திரும்பிக் கடலாதெனிய, லங்காதிலகன்னு ரெண்டு பழைய விகாரையையும் பாத்துட்டு வந்துருங்க. ரெண்டும் கம்பளை ராச்சிய காலத்துல 1344-ல கட்டினது. கடலாதெனிய கல்லுக் கட்டடம், தெற்கு இந்தியாவுல இருந்து வந்த கணேஸ்வராச்சாரின்னு ஒரு ஸ்தபதி கட்டினது, உள்ள போனா நம்ம ஊரு கோயில் மண்டபத்துல நிக்கிற மாதிரியே இருக்கும். லங்காதிலகவுல பாறை மேல சிங்களக் கல்வெட்டும் இருக்கு, தமிழ்க் கல்வெட்டும் இருக்கு, கேட்டாக் காட்டுவாங்க. எழுத்து புரியாது, பரவாயில்ல, நின்னு பாருங்க. அங்க படி ஏறணும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தா கடலாதெனியவோட நிறுத்திக்கலாம். எம்பெக்க மரத்தூண் செதுக்கலும் பக்கத்துலதான், நேரமிருந்தாப் போங்க, இல்லன்னா விட்டுருங்க.

அங்க இருந்து பேராதனைக்கு வந்துருங்க, மதியம் பூராவும் பூங்காவுக்குத்தான். 147 ஏக்கர், மூணு பக்கமும் மகாவலி, ஆத்தங்கரை ஊருன்னு நீங்க படிச்சதுக்கு அர்த்தம் இங்கதான் தெரியும். எல்லாத்தையும் பாக்க நினைக்காதீங்க. ஓர்க்கிட் வீடு, அந்தப் பெரிய ஜாவா அத்தி மரம், ஆத்தோரம், அது போதும். தொங்கு பாலம் தொறந்திருந்தா ஏறிப் பாருங்க. வெயில் எறங்கினதும் பேராதனை யுனிவர்சிட்டி கேம்பஸ் பக்கம் ஒரு திரீவீல் பிடிச்சுக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போகலாம், மேட்டுல இருக்கு. முருகன் கோயில்னு சொன்னாலே திரீவீல்காரங்களுக்குத் தெரியும்.

அஞ்சரைக்கெல்லாம் தலதா மாளிகை வரிசைக்குப் போயிருங்க. நாங்க விட்ட தப்பை விடாதீங்க. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, செருப்பை வெளிய குடுத்துறணும். பெட்டகத்தைத்தான் பாப்பீங்க, உள்ள இருக்கிற பல்லை இல்ல, அதுவும் ரெண்டு செக்கன், பின்னால தள்ளிக்கிட்டே இருப்பாங்க. 1998-ல குண்டு வெடிச்சதுல இருந்து வாசல்ல செக்கிங் இருக்கு, இப்ப முந்தி மாதிரி இல்ல. முந்தி யுத்த காலத்துல எங்க அப்பா எல்லாம் கண்டிக்கு வந்தா இருட்ட முன்னாடி பஸ் ஏறிருவாரு, தமிழ்ப் பேரு இருக்கிற ஐசியோட (அடையாள அட்டை) ராத்திரியில அந்தப் பக்கம் நடக்க யாருக்குத் தைரியம். போயா நாளா, அதாவது பௌர்ணமியா இல்லையான்னு காலண்டரைப் பாத்துட்டு வாங்க, போயான்னா வெள்ளை உடுப்புக் கூட்டத்துல அம்மாவால நிக்க முடியாது.

மறுநாள் காலையில வாவியைச் சுத்தி மெதுவா நடங்க, நாத தேவாலயம், பத்தினி தேவாலயம் எல்லாம் மாளிகைக்கு முன்னாலயே இருக்கு. பத்தினின்னா வேற யாரும் இல்ல, நம்ம கண்ணகிதான். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைச்சிட்டு மார்க்கெட்டுல ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுக் கிளம்பினா ஒன்றரை நாள் முடிஞ்சிரும். எண்ணிப் பாத்தா பன்னெண்டு எடம் வராது. பஹிரவகந்த நல்லா இல்லன்னு நான் சொல்லல, டவுன்ல எங்க நின்னாலும் அந்தப் புத்தர் தெரியிறார், அதான் மேல ஏற வேணாம்ங்கிறேன். கல்லுக் கடை, எண்ணெய்த் தோட்டத்துக்கு வேன் திரும்பினா 'வேணாம்'னு அப்பவே சொல்லிருங்க, வெக்கப்பட்டா ரெண்டு மணித்தியாலம் போயிரும். டிரைவர்மாரைக் குறை சொல்லல, அவங்களுக்கு அங்க கொமிஷன், சம்பளம் அவ்வளவுதான்.

டிக்கெட் விசயம் ஒன்னு. அன்னைக்கு ஒரு எடத்துல, எந்த எடம்னு சொல்ல மாட்டேன், நானும் பெரியம்மாவும் தமிழ்ல பேசிக்கிட்டு வரிசையில நின்னோம். கவுண்டர்ல இருந்தவர் ரெண்டு பேருக்கும் வெளிநாட்டு டிக்கெட்டை நீட்டுறார். பெரியம்மாவுக்குச் சரி, பாஸ்போர்ட்டே அதுதான். நான் ஐசியைக் குடுத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "நீங்க இந்தியா இல்லையா?"ங்கிறார். என்ன பதில் சொல்றது. 1815-ல பிடிச்ச ராசாவை வேலூருக்கு அனுப்பினாங்க, பெரியம்மாவைக் கோத்தகிரிக்கு அனுப்பினாங்க, மிச்சம் இருக்கிறவன் கவுண்டர்ல நின்னு நான் இந்த ஊருதான்னு சொல்லிக்கிட்டு நிக்கணும். அந்த ஐசியில இருக்கிற விலாசமும் லயத்து நம்பர் (லயம்னா தோட்டத்து வரிசை வீடு) இல்ல, தோட்டத்துப் பேருதான். லயத்துக்கு ஏது தனி விலாசம், கடிதம் எல்லாம் தோட்ட ஆபிசுக்கு வந்து அங்க இருந்து யாராவது கொண்டு வந்தாத்தான் உண்டு. எனக்கு ஒரு அரசாங்க வேலை இன்டர்வியூ கடிதம் அப்படித்தான் பதினொரு நாள் ஆபிஸ் மேசையில கெடந்து இன்டர்வியூ முடிஞ்ச பொறகு வந்துச்சு. அதனாலதான் ஹார்ட்வேர் கடை. கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தெரியும், எழுத வந்துட்டேன்.

நீங்க இலங்கைக்காரங்கன்னா எல்லாரும் ஐசியைக் கையிலயே வச்சிக்கங்க. பேராதனைக்குக் கோச்சியில போகணும்னு ஆசை வந்தா முதல்ல லைன் ஓடுதான்னு ஸ்டேஷன்ல கேட்டுக்கங்க, மழை, மண்சரிவுன்னா மலைநாட்டு லைனை நம்ப முடியாது. ஓடினா அம்மாவை சன்னல் பக்கம் உக்கார வைங்க.